ஏடிஎம் பணம் தரவில்லை, 23.60 மட்டும் பிடித்துவிட்டது: என்ன செய்யலாம்?

பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்க்கும்போது 23.60 அல்லது 29.50 என்று ஒரு பிடித்தம் இருந்தால், ஏடிஎம்மில் மறுக்கப்பட்ட பணத்துக்கு வங்கி போட்ட கட்டணமாக அது இருக்க வாய்ப்பு அதிகம். 20 ரூபாய் கட்டணமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 23.60. 25 ரூபாய் வாங்கும் வங்கி என்றால் 29.50.

பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல் எடுக்க வருகிறவர்கள் அப்படியே பாஸ்புக்கையும் நீட்டி, “இது எதுக்குண்ணா புடிச்சிருக்காங்க?” என்று கேட்பார்கள். தக்காளி பறிக்கப் போகிறவர்களுக்கு 23 ரூபாய் சும்மா விடுகிற காசு இல்லை. அதனால் அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, இயந்திரம் ஏன் பணம் தரவில்லை என்பதைத்தான். மற்றதெல்லாம் இதைப் பொறுத்தது. கணக்கில் பணம் போதாமல் மறுத்திருந்தால் வங்கி கட்டணம் வாங்கலாம். இயந்திரக் கோளாறு, நெட்வொர்க் போய்விட்டது, உள்ளே நோட்டு இல்லை, வங்கியின் பக்கமே ஏதோ பிரச்சினை, பின் நம்பர் தவறு என்ற காரணங்கள் என்றால் வாங்கக் கூடாது. இது 2019 ஆகஸ்ட் 14-ஆம் தேதி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் அனுப்பிய சுற்றறிக்கையில் இருக்கிறது. இப்படித் தோல்வியடைந்தவற்றை, மாதம் இத்தனை முறை கட்டணமில்லாமல் எடுக்கலாம் என்ற இலவச எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது, அவற்றுக்குக் கட்டணமும் கூடாது என்று அதில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க உதவுவது இயந்திரம் துப்புகிற அந்தச் சின்னச் சீட்டு. பணம் வராத கோபத்தில் பலரும் அதைக் கசக்கி அங்கேயே போட்டுவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். தேதி, நேரம், ஏடிஎம் எண், காரணம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. பல சீட்டுகளில் காரணத்தோடு இரண்டு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 51 என்றால் பணம் போதவில்லை. 55 என்றால் பின் தவறு. 91 என்றால் உங்கள் வங்கியின் கணினி பதில் சொல்லவில்லை. 91 போட்ட சீட்டு கையில் இருந்து, பாஸ்புக்கில் 23.60 பிடித்திருந்தால் உங்கள் வழக்கு பாதி ஜெயித்த மாதிரி.

அந்தச் சீட்டு சூடு பட்டால் எழுத்து மங்கும் காகிதம். சட்டைப் பையில் வியர்வையில் கிடந்தால் சில வாரத்தில் வெறும் வெள்ளைத் தாள் ஆகிவிடும். அப்படி வெளுத்துப்போன சீட்டை என்னிடம் கொண்டுவந்து நகல் கேட்டவர்கள் உண்டு. எந்த இயந்திரத்தாலும் அதை மீட்க முடியாது. அன்றைக்கே போனில் ஒரு படம் எடுங்கள், இல்லாவிட்டால் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். சீட்டே வரவில்லை என்றால், திரையில் தெரிந்த செய்தியையும் நேரத்தையும் ஏடிஎம் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் பெரும்பாலும் இயந்திரத்தின் மீதோ சுவரிலோ ஒட்டியிருக்கும்.

சரி, 51 என்றே வந்திருக்கிறது. உடனே விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். அந்த நேரத்தில் கணக்கில் உண்மையிலேயே பணம் போதாமல் இருந்ததா என்று பாருங்கள். பாஸ்புக்கில் தேதிதான் இருக்கும், நேரம் இருக்காது. காலையில் சம்பளம் ஏறியதாக எஸ்எம்எஸ் வந்து, மதியம் ஏடிஎம் மறுத்திருந்தால் அந்த எஸ்எம்எஸ்தான் சாட்சி. அழிக்காமல் வையுங்கள். நேர்மாறாக, காலையில் முயன்று சாயந்திரம் பணம் ஏறியிருந்தால் வங்கி செய்தது சரிதான். போட்ட காசோலை இன்னும் பாஸ் ஆகாமல் இருந்தாலும், ஏதாவது காரணத்துக்காக ஒரு தொகையை நிறுத்தி வைத்திருந்தாலும், இருப்பில் தெரியும் பணம் கைக்கு வராது. இருப்பு சரியாக இருந்தும் 51 வந்திருந்தால் இந்த இரண்டையும் கவுண்டரில் கேளுங்கள்.

இந்தக் கட்டணத்தில் என்னை மிகவும் உறுத்துவது, ஒரு பிடித்தம் அடுத்த பிடித்தத்தை இழுத்து வருவது. மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவின் பாஸ்புக்கில் இதைத் தெளிவாகப் பார்த்தேன். அவருக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஏறுகிறது. கணக்கில் வேறு பணம் இல்லை. எப்போதோ மறுக்கப்பட்டதற்கான 23.60 பாக்கி நின்றிருக்கிறது. 1,000 ஏறியதும் அதை எடுத்துக்கொண்டார்கள். மீதி 976.40. அவருக்கு இது தெரியாது. ஏடிஎம்மில் 1,000 என்று அழுத்துகிறார், மறுக்கிறது. மெஷின் சரியில்லை என்று நினைத்து அடுத்த ஏடிஎம்முக்குப் போய் மறுபடி 1,000 அழுத்துகிறார், அதுவும் மறுக்கிறது. இரண்டு 23.60, ஆக 47.20. இருக்கிற பணத்தை அவர் வேறு வழியில் எடுத்துவிட்டால், அது அடுத்த வரவில் பிடிபடும். அடுத்த மாதமும் 1,000 முழுதாக இருக்காது, அவர் கேட்பதோ 1,000. எவ்வளவு நாளைக்கு இப்படியே ஓடும்?

இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பம் வாங்கும் முகாமை முதலமைச்சர் 2023 ஜூலை 24-இல் நம் தர்மபுரி மாவட்டம் தொப்பூரில்தான் தொடங்கிவைத்தார். எங்கள் பக்கத்தில் பல பெண்களுக்கு ஏடிஎம் கார்டு பழக்கமானதே அதற்கப்புறம்தான். அவர்களிடம் நான் முதலில் சொல்வது: ஒருமுறை மறுத்தால் அதே தொகையை மறுபடி அழுத்தாதீர்கள். அந்த அம்மா 500 கேட்டிருந்தால் வந்திருக்கும். பணம் எடுப்பதற்கு முன் இருப்பு பாருங்கள். உங்கள் வங்கியின் ஏடிஎம்மிலேயே பார்த்தால் இலவச எண்ணிக்கையில் சேராது. வேறு வங்கி ஏடிஎம்மில் பார்த்தால் சேரும். மிஸ்டு கால் கொடுத்து இருப்பு தெரிந்துகொள்ளும் வசதி பல வங்கிகளில் இருக்கிறது, அதற்குச் செலவே இல்லை.

பிடித்த தொகை 27.14 என்றால் அது வேறு கதை. இலவச எண்ணிக்கையைத் தாண்டி எடுத்ததற்கான கட்டணம் அது. 2025 மே 1 முதல் இதற்கு உச்சவரம்பு 23 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்தால் 27.14. சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் 5 முறை இலவசம். வேறு வங்கி ஏடிஎம்மில் எங்கள் ஊர் போன்ற இடங்களில் 5, பெருநகரங்களில் 3. ஓசூர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு நகரத்துக்குள் வேலைக்குப் போய் அங்கேயே வேறு வங்கி ஏடிஎம்மில் எடுத்தால் 3 தான் கணக்கு. ஆனால் தோல்வியடைந்த முயற்சிகளையும் சேர்த்து எண்ணி 27.14 பிடித்திருந்தால் அதுவும் தவறு, திருப்பிக் கேட்கலாம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பணம் வரவில்லை, ஆனால் கேட்ட 2,000 ரூபாயே கணக்கில் கழிந்துவிட்டது என்றால் அது கட்டணப் பிரச்சினை இல்லை. அப்படிக் கழிந்த பணத்தை 5 நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை 2019 செப்டம்பர் 20-ஆம் தேதி சுற்றறிக்கை சொல்கிறது. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதினால் எதற்கும் பதில் வராது.

இனி கடிதம். எந்த ஏடிஎம்மில் நடந்திருந்தாலும் புகார் உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கியிடம்தான். ஏடிஎம் வைத்திருக்கும் வங்கியின் கிளைக்குப் போனால் “உங்க பேங்க்ல கேளுங்க” என்று அனுப்பிவிடுவார்கள். தமிழிலேயே எழுதலாம். என் கடையில் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். என் கணக்கு எண் (முழுவதும்), கார்டின் கடைசி நான்கு எண்கள் (இங்கே). இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த ஊர் ஏடிஎம்மில் (ஏடிஎம் எண்) 1,000 ரூபாய் எடுக்க முயன்றேன். இயந்திரத்தில் பணம் இல்லாததால் மறுக்கப்பட்டது. சீட்டு நகல் இணைத்துள்ளேன். அப்போது என் கணக்கில் போதிய இருப்பு இருந்தது. ஆனால் இந்தத் தேதியில் 23.60 ரூபாய் பிடித்தம் செய்யப்பட்டுள்ளது. ரிசர்வ் வங்கியின் 14.08.2019 சுற்றறிக்கைப்படி இதற்குக் கட்டணம் கூடாது. ஜிஎஸ்டியுடன் திருப்பி வரவு வைத்து, எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன்.”

அவ்வளவுதான். பேருந்துச் செலவு, அலைச்சல், மன வருத்தம் எல்லாம் எழுத வேண்டாம். எவ்வளவு சுருக்கமோ அவ்வளவு சீக்கிரம் படிப்பார்கள். பாஸ்புக்கில் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, பிடித்த வரியைப் பேனாவால் சுற்றிக் காட்டுங்கள். கடிதம் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். “வெச்சிட்டுப் போங்க, பாத்துக்கறோம்” என்றால் பொறுமையாக நின்று முத்திரை கேளுங்கள். உங்களுக்கு அதில் உரிமை இருக்கிறது, கூச்சம் வேண்டாம். போனில் புகார் கொடுத்தால் புகார் எண்ணை எழுதி வையுங்கள்.

போன் எண்ணை மட்டும் இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். வங்கி பெயரைப் போட்டு கஸ்டமர் கேர் என்று தேடினால் மோசடி எண்களும் வந்து நிற்கின்றன. கார்டின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கே பேசுங்கள். 23 ரூபாயைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி ஓடிபியோ பின் நம்பரோ கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

இருப்பு உண்மையிலேயே போதாமல் மறுத்திருந்தால் உரிமையாகக் கேட்க முடியாது. ஆனாலும் மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம், மனம் வைத்துத் திருப்பிப் போடுகிறவர்களும் உண்டு. கணக்கில் எப்போதும் ஆயிரம் ரண்டாயிரத்துக்குள்தான் ஓடும் என்றால், அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லுங்கள். அதற்குக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை, ஏடிஎம் கார்டுக்கு ஆண்டுக் கட்டணமும் இல்லை. சும்மா கிடக்கும்போதே காசு குறைவது பெருமளவு நிற்கும். அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் என்ற தளத்தில் புகாரைப் பதியலாம், கட்டணம் எதுவும் இல்லை. முத்திரை வாங்கிய பிரதி அங்கேதான் பயன்படும். வங்கியிடம் முதலில் கேட்டதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் புகாரை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் 14448 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், தமிழில் பேசலாம். ரொம்ப நாள் ஆறப்போடாமல், 30 நாள் முடிந்ததும் பதிந்துவிடுவது நல்லது.

பணம் திரும்ப வந்ததாக எஸ்எம்எஸ் வந்தால் தொகையைச் சரிபாருங்கள். 20 ரூபாய் மட்டும் வரவு வைத்து, 3.60 ஜிஎஸ்டியை விட்டுவிட்டதைப் பாஸ்புக்குகளில் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் அதே கடிதத்தின் நகலோடு போய் மீதி 3.60-ஐயும் கேட்டு வாங்குங்கள்.