பட்ஜெட் எண்களைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்றிய அரசின் நிதிநிலை அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஒவ்வொரு பிப்ரவரியிலும் வரும் இளம் செய்தியாளர்களும் தன்னார்வலர்களும் செய்யும் பிழைகளில் பலவற்றை நான் பொருட்படுத்துவதில்லை. லட்சம் கோடிக்கு எத்தனை சுழியம் என்று தடுமாறுவதும், வருவாய்ச் செலவையும் மூலதனச் செலவையும் மாற்றி எழுதுவதும் ஓரிரு வாரங்களில் தாமாகவே சரியாகிவிடும். ஆண்டுக்கணக்கில் தொடரும் சில தவறுகள் மட்டும், கூலிக்கும் ஓய்வூதியத்துக்கும் காத்திருப்போரிடம் தவறான செய்தியைக் கொண்டு சேர்த்துவிடுகின்றன.

எதை எதனோடு ஒப்பிடுகிறீர்கள்?

என்னை இன்றும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். பட்ஜெட் ஆவணத்தில் ஒரு திட்டத்துக்கு எதிரே நான்கு பத்திகள் (அதாவது எண்கள் நிரம்பிய நெடுவரிசைகள்) இருக்கும்: ஈராண்டுக்கு முந்தைய மெய்யான செலவு, நடப்பாண்டின் பட்ஜெட் மதிப்பீடு (முதலில் ஒதுக்கியது), நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு (ஆண்டு முடிவதற்குள் மாற்றியது), வரும் ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு. புதிதாகப் படிப்பவர் இவற்றில் தமக்குப் பிடித்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு தலைப்பு எழுதிவிடுகிறார்.

நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 2023-24இல் முதலில் ஒதுக்கியது 60,000 கோடி ரூபாய். ஆண்டு முடிவதற்குள் அது 86,000 கோடியாகத் திருத்தப்பட்டது. கடைசியில் செலவானதோ 89,000 கோடிக்கும் மேல். 2024-25க்கு மீண்டும் 86,000 கோடி ஒதுக்கினார்கள். முதல் ஒதுக்கீட்டோடு ஒப்பிட்டால் இது 43 சதவீத உயர்வு. திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் ஒரு ரூபாய்கூட உயரவில்லை. மெய்யான செலவோடு ஒப்பிட்டால் குறைவு. மூன்றுமே கணக்குப்படி சரி என்பதால்தான், எதனோடு ஒப்பிட்டோம் என்பதைச் சொல்லாமல் எழுதப்படும் வாக்கியம் வாசகரை ஏமாற்றுகிறது. இதே தவறு எதிர்த்திசையிலும் நடந்தது. 2022-23க்கு முதலில் ஒதுக்கிய 73,000 கோடியையும் 2023-24இன் 60,000 கோடியையும் அருகருகே வைத்து, வெட்டு சுமார் 18 சதவீதம் என்று பலர் எழுதினார்கள். 2022-23இன் திருத்திய மதிப்பீடு 89,400 கோடி. அதைப் பார்த்திருந்தால் வெட்டு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பது தெரிந்திருக்கும்.

2025-26க்கும் அதே 86,000 கோடிதான் ஒதுக்கினார்கள். அந்த மார்ச்சில் தன்னார்வலர் ஒருவர் "நூறு நாள் வேலைக்கான நிதி குறைக்கப்படவில்லை" என்று துண்டறிக்கை அச்சிட்டு ஒரு கிராமத்துக்கு எடுத்துச் சென்றார். நானும் உடன் இருந்தேன். அதைக் கையில் வாங்கிய ஓர் அம்மா, "குறைக்கலைன்னு போட்டிருக்கீங்களே தம்பி, கார்த்திகையில பார்த்த வேலைக்கே இன்னும் கூலி ஏறலையே" என்று கேட்டார். தமிழ்நாடு முழுவதும் 2024 நவம்பர் இறுதியிலிருந்து கூலி நிலுவையில் இருந்த காலம் அது. தம்பியிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவர் பார்த்த பத்தியில் நிலுவை என்ற ஒன்று இல்லவே இல்லை.

நிலுவை உருவாகும் விதம் எளிது. தேவையைவிடக் குறைவாக ஒதுக்கப்பட்ட பணம் ஆண்டின் பிற்பகுதியில் தீர்ந்துபோகிறது. கொடுக்காமல் விட்ட கூலி அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டிலிருந்து கழிகிறது. ஆகவே புதிய ஆண்டு தொடங்கும்போதே அந்த 86,000 கோடியில் ஒரு பகுதி பழைய கடனுக்குப் போய்விட்டது. பதினைந்து நாளுக்குள் கூலி கொடுக்க வேண்டும் என்றும், தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு தர வேண்டும் என்றும் அத்திட்டத்தின் சட்டம் சொல்லியது. 1,000 ரூபாய் கூலிக்கு அது நாளொன்றுக்கு 50 காசு. கூலி வராத வேலைக்கு ஆட்கள் வருவது குறைய, தேவையே குறைந்துவிட்டது என்று அதையே ஒரு காரணமாக அடுத்த விவாதத்தில் யாராவது சொல்வார்கள்.

எனவே வரும் ஆண்டின் மதிப்பீட்டைத் திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிடுங்கள். மெய்யான செலவு வெளிவந்த ஆண்டுகளுக்கு அதையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். எந்தப் பத்தியை எடுத்தீர்கள் என்பதை வாக்கியத்திலேயே எழுதுங்கள்.

உரையையே பட்ஜெட் என்று எண்ணுவது

2021 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் ஆற்றிய உரையில், 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒன்றிய அரசு தன் பங்கை அளிக்கும் என்ற அறிவிப்பு இடம்பெற்றது. மறுநாளே சென்னைக்கு 63,246 கோடி ஒதுக்கீடு என்று எழுதியவர்கள் உண்டு. அந்தத் தொகை திட்டத்தின் மொத்த மதிப்பீடு. ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பணிகள் மாநில அரசின் பணத்தையும் கடனையுமே பெரிதும் நம்பி நடந்தன. உரையில் கேட்ட எண்ணை அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையில், அதாவது அந்த ஆண்டின் செலவுக்கு நாடாளுமன்றத்திடம் பணம் கேட்கும் ஆவணத்தில், தேடிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அந்த ஆண்டில் பணம் இல்லை.

விலைவாசியைக் கழிக்காமல் விடுவது

முதியோர் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு 2006இல் மாதம் 200 ரூபாயானது. 80 வயதுக்குக் கீழுள்ளோருக்கு 2024இலும் அதே 200 ரூபாய்தான். எண் குறையவில்லை, ஆனால் விலைவாசி ஏறியதால் அந்தப் பணத்தில் வாங்க முடிவது குறைந்துவிட்டது.

வட்டியைப் பார்க்காமல் கடப்பது

2025-26இல் மொத்தச் செலவு மதிப்பீடு 50.65 லட்சம் கோடி. அதில் பழைய கடனுக்கான வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மொத்தச் செலவைப் பார்த்து மகிழும் முன் இதைக் கழித்துப் பாருங்கள்.

வரி எந்தப் பெயரில் வருகிறது என்று கேட்காதது

2022 மே மாதக் குறைப்புக்குப் பின் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றிய அரசு வசூலித்த கலால் வரி 19 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசுதான். மீதி செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கென வசூலிக்கும் மேல்வரி), சிறப்புக் கூடுதல் வரி என்ற பெயர்களில் ஒன்றிய அரசிடமே தங்கியது. ஒன்றிய வரியில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்கும் அமைப்பான நிதிக்குழு, தன் பதினைந்தாவது குழுவில் மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்று சொன்னதை மொத்த வரி வருவாயின் மேல் போட்டுக் கணக்கிடுபவர்கள், இந்தப் பகுதி பகிர்வுத் தொகுப்புக்குள் வருவதே இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்; பள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையமும் நடத்தும் மாநிலக் கருவூலத்துக்கு அந்த 18 ரூபாய் 50 காசிலிருந்து நிதிக்குழுப் பங்காக எதுவும் வரவில்லை.