கறவை மாட்டுக்குத் தாது உப்பை வாய்வழி கொடுப்பது எப்படி?

மாடு சுவரை நக்குகிறதா? கயிறு, துணி, எலும்பு என்று கிடைத்ததையெல்லாம் மெல்லுகிறதா? சேட்டை என்று விட்டுவிடாதீர்கள். பாஸ்பரஸ் குறைந்த மாடு அப்படிச் செய்யும். கறுப்பு முடி செம்பட்டையாகி, கண்ணைச் சுற்றி வெளுத்தால் தாமிரக் குறைவாக இருக்கலாம். குடற்புழு இருந்தாலும் முடி மங்கி உடம்பு இளைக்கும் என்பதால், முதலில் சாணத்தையும் ரத்தத்தையும் கால்நடை மருத்துவர் மூலம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அன்றாடக் குறைக்குத் தாது உப்புக் கலவை போதும். வளர்ந்த மாட்டுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம். பொட்டலத்தில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி கொடுங்கள். ஈரப்படுத்திய அடர் தீவனத்தில் பிசறி வையுங்கள். சுவை பிடிக்காமல் ஒதுக்கினால் கொஞ்சமாகத் தொடங்கி ஒரு வாரத்தில் முழு அளவுக்கு வரலாம். இந்தக் கலவையைச் செம்மறி ஆட்டுக்கு மட்டும் வைக்காதீர்கள், அதிலுள்ள தாமிரம் செம்மறிக்கு நஞ்சு.

அடுத்தது கால்சியம். இதில்தான் அவசரமும் ஆபத்தும் அதிகம். 10 லிட்டர் சீம்பாலில் 20 கிராமுக்கு மேல் கால்சியம் போய்விடும்; மாட்டின் ரத்தத்தில் ஓடுவதோ ஏறக்குறைய 3 கிராம்தான். அதனால்தான் ஈன்ற முதல் மூன்று நாட்களுக்குள் பால் காய்ச்சல் வருகிறது. பெயரில்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. காது சில்லிட்டு, நடை தள்ளாடும்.

மாடு நிற்கிறதா, நன்றாக விழுங்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் மட்டுமே வாய்வழி மருந்து. தலைக்கயிற்றைப் பிடித்து, மூக்கு கண் மட்டத்துக்கு மேலே போகாதபடி தலையைத் தாங்குங்கள். நாக்கைப் பிடித்து இழுக்கவே கூடாது, விழுங்க முடியாமல் போய்விடும். கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் பல் இல்லாத இடைவெளி இருக்கும். அது வழியாகக் கால்சியம் ஜெல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். விழுங்கிய பிறகுதான் அடுத்த மடக்கு. இருமினால் உடனே தலையைத் தாழ்த்திவிடுங்கள். நுரையீரலுக்குள் போனால் நிமோனியாதான்.

போலஸ் (விழுங்க வைக்கும் பெரிய மாத்திரை) என்றால் அதற்கான கருவியால் நாக்கின் பின்புறம் வைத்து மெதுவாகத் தள்ளுங்கள். பலமாகக் குத்தினால் தொண்டை கிழியும். பொதுவாக ஈன்றவுடன் ஒன்று, 12 மணி நேரம் கழித்து ஒன்று. பதற்றத்தில் கூடுதலாகக் கொடுக்கத் தோன்றும், வேண்டாம். மருந்திலுள்ள கால்சியம் குளோரைடு அதிகமானால் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கிவிடும்.

மாடு படுத்துவிட்டதா? வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். நெஞ்சை ஊன்றி உட்காரும்படி இருபுறமும் வைக்கோல் மூட்டை வைத்து முட்டுக்கொடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். ரத்தக்குழாய் வழிக் கால்சியம் அவர் கையால்தான் ஏற வேண்டும். வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும்.

அப்புறம், "ஈனுவதற்கு முன்பே கால்சியத்தை நிறையக் கொடுத்தால் தப்பிக்கலாமே" என்று தோன்றும். சினை மாட்டுக்குக் கடைசி மூன்று வாரம் அப்படிக் கொடுத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் வேலையை உடம்பு நிறுத்தி வைத்துவிடும். ஈன்ற அன்று திடீரெனத் தேவை ஏறும்போது அதனால் ஈடுகொடுக்க முடியாது. அந்த மூன்று வாரத்துக்குக் கூடுதல் கால்சியம் வேண்டாம்.