தாடை மூட்டு வலிக்கு எந்த ஸ்கேன்? காசு கட்டுவதற்கு முன் படிக்க

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள், உள்ளே ஏதோ உருண்டு நகர்வது கைக்குத் தட்டுப்படும். அதுதான் தாடை மூட்டு. டிஎம்ஜே என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அங்கே வலி, வாய் திறந்தால் 'டிக்' என்று சத்தம், கொட்டாவி விட்டால் பிடித்துக்கொள்வது என்று ஏதாவது வந்தால் பலரும் முதலில் காது டாக்டரிடம் போகிறார்கள், அவர் காதில் ஒன்றுமில்லை என்று பல் டாக்டரிடம் அனுப்புகிறார், நடுவில் யாராவது ஒருவர் "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க" என்கிறார். எந்த ஸ்கேன், எதைப் பார்ப்பதற்கு? இதைக் கேட்காமல் சென்டருக்குப் போனால் தேடிய விஷயம் படத்திலேயே இருக்காது. பிறகு இன்னொரு ஸ்கேனுக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டியதுதான்.

முதலில் ஸ்கேனே வேண்டுமா என்று பாருங்கள். இந்தப் பக்க வலியில் பெரும்பகுதி மூட்டில் இருந்து வருவதில்லை, மெல்லும் தசைகளில் இருந்து வருகிறது. இரவில் பல்லைக் கடிப்பவர்கள், டென்ஷனில் தாடையை இறுக்கிக்கொண்டே வேலை பார்ப்பவர்கள் இந்த வகை. தசை வலியை எந்த ஸ்கேனும் காட்டாது, டாக்டர் கையால் அழுத்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தாடை மூட்டுக் கோளாறுகளைக் கண்டறிய 2014-இல் வெளியான டிசி/டிஎம்டி என்ற சர்வதேச அளவுகோலும் இப்படித்தான் பிரிக்கிறது: வலிக்குக் காரணம் கண்டுபிடிக்கக் கேட்டறிவதும் தொட்டுப் பார்ப்பதும், மூட்டுக்குள் இருக்கும் வட்டு (டிஸ்க்) விலகியதை உறுதி செய்ய எம்ஆர்ஐ, எலும்புத் தேய்மானத்தை உறுதி செய்ய சிடி. வலியில்லாமல் வெறும் 'டிக்' சத்தம் மட்டும் கேட்கிறது, வாய் நன்றாகத் திறக்கிறது என்றால் ஸ்கேனே வேண்டாம், வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை டாக்டர் அளந்தாரா என்று கவனியுங்கள். மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே உங்கள் மூன்று விரல்கள் செங்குத்தாக நுழைய வேண்டும், கணக்குப்படி சுமார் 40 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். நம் ஊரில் வாய் திறக்கவில்லை என்றவுடன் மூட்டையே சந்தேகப்படக் கூடாது. பாக்கு, குட்கா, பான் மசாலா போடுபவர்களுக்குக் கன்னத்தின் உட்தோல் நார்போல் இறுகி வாய் திறப்பு குறையும், அது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாகவும் இருக்கலாம். இதை விளக்கடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், டிஎம்ஜே ஸ்கேன் ஒன்றும் சொல்லாது. கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்தாலும் இதே கதை.

சரி, மூட்டில்தான் சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். கீழ்த்தாடை எலும்பின் உருண்டைத் தலைக்கும் மண்டை ஓட்டின் குழிக்கும் நடுவில் ஒரு சிறு வட்டு இருக்கிறது, நடுவில் மெலிந்து முன்னும் பின்னும் தடித்தது. இந்த வட்டு முன்பக்கம் நழுவி, வாய் திறக்கும்போது மறுபடியும் எலும்பின் மேல் ஏறி உட்காரும்போது வருவதுதான் அந்த 'டிக்'. ஏறாமல் முன்னாலேயே நின்றுவிட்டால் சத்தம் போய்விடும், ஆனால் வாய் பூட்டிக்கொள்ளும். சத்தம் நின்றதே என்று சந்தோஷப்படுபவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைக்கலாம். ஆக, எலும்பைப் பார்க்க வேண்டுமா, வட்டைப் பார்க்க வேண்டுமா என்பதை வைத்துத்தான் ஸ்கேனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தொடக்கத்தில் எழுதித் தருவது பெரும்பாலும் ஓபிஜி எக்ஸ்ரே. முகத்தைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பார்கள், மலிவு, கதிர்வீச்சும் குறைவு, இயற்கையாக நம் மேல் சில நாட்களில் விழும் அளவுதான். எலும்பு முறிவு, கட்டி, இரண்டு பக்க மூட்டுத் தலைகளும் ஒரே அளவா, கடைவாய்ப் பல்லில் கோளாறா என்று சலித்துப் பார்க்க இது போதும். ஆனால் வட்டு தெரியவே தெரியாது, எலும்பின் தொடக்கநிலை அரிப்பும் தெரியாது. "ஓபிஜி நார்மல், மூட்டு நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் முதல் பாதியை மட்டும் நம்புங்கள்.

எலும்பை ஒழுங்காகப் பார்க்க சிபிசிடி. பல் மருத்துவமனைகளில் '3டி ஸ்கேன்' என்பார்கள். எலும்பின் மேல்பரப்பு அரித்திருக்கிறதா, தட்டையாகிவிட்டதா, முள்போல் வளர்ந்திருக்கிறதா, மூட்டு ஒட்டிக்கொண்டதா எல்லாம் துல்லியமாக வரும். செயற்கைப் பல் (இம்ப்ளான்ட்) பொருத்த வாயில் எடுத்த ஸ்கேனில் மூட்டுப் பகுதி வெட்டுப்பட்டிருக்கும், அதனால் 'இரண்டு பக்க டிஎம்ஜே' என்று சீட்டில் எழுதியிருக்க வேண்டும். கதிர்வீச்சு ஓபிஜியைவிட அதிகம், மெஷினையும் எடுக்கும் பரப்பையும் பொறுத்து மாறும். கீழே விழுந்து தாடையில் அடி, கட்டி, மூட்டு மாற்று ஆபரேஷன் என்றால் பெரிய ஆஸ்பத்திரியின் சாதாரண சிடிக்கே போவார்கள். குழந்தை முகவாய்க்கட்டை அடிபடும்படி விழுந்தால் மோவாயில் தையல் போட்டதோடு விட்டுவிடாதீர்கள், மூட்டுத் தலை உடைந்திருக்கலாம். கவனிக்காமல் போனால் மூட்டு ஒட்டி, அந்தப் பக்கத் தாடை வளராமலும் போகும்.

இனி எம்ஆர்ஐ. வட்டைக் காட்டுவதில் இதற்கு நிகர் இல்லை, கதிர்வீச்சும் கிடையாது. ஆனால் சரியாகக் கேட்டு வாங்காவிட்டால் வீணாகும் ஸ்கேனும் இதுதான். மூளை எம்ஆர்ஐயில் ஓரமாக மூட்டு தெரிவது உதவாது. சீட்டில் 'டிஎம்ஜே எம்ஆர்ஐ, இரண்டு பக்கமும், வாய் மூடியும் திறந்தும்' என்று இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் டாக்டரிடமே திருப்பிக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். தாடைத் தலை ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் சாய்ந்திருப்பதால் படத் துண்டுகளும் அந்தச் சாய்வுக்கேற்ப எடுக்கப்பட வேண்டும், 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லியதாக. எல்லா சென்டருக்கும் இது பழக்கமாக இருக்காது. போன் செய்து "டிஎம்ஜே வழக்கமா எடுப்பீங்களா?" என்று கேட்பதில் தப்பில்லை.

வாய் திறந்து எடுக்கும்போதுதான் பலர் சொதப்புகிறார்கள். பல்லுக்கு நடுவில் ஒரு கட்டையோ பிளாஸ்டிக் சிரிஞ்சோ வைத்துச் சில நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்வார்கள். வலிக்குப் பயந்து பாதிதான் திறந்தீர்கள் என்றால் வட்டு ஏறி உட்காரும் கட்டமே வராது, ரிப்போர்ட்டில் வட்டு திரும்பவில்லை என்று எழுதிவிடுவார்கள். ஆக, எந்த அளவு திறக்கும்போது 'டிக்' கேட்கிறது என்று முன்னாலேயே கண்ணாடி முன் நின்று பார்த்து வையுங்கள், அதைத் தாண்டித் திறந்த நிலையில் கட்டையை வைக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் திறக்கவே முடியவில்லை என்றால் அதையும் டெக்னீஷியனிடம் சொல்லிக் குறித்துக்கொள்ளச் செய்யுங்கள்.

பேஸ்மேக்கர், காக்ளியர் இம்ப்ளான்ட், மூளையில் வைத்த கிளிப், கர்ப்பம், இதெல்லாம் உள்ளே போவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். பல் அடைப்பும் கேப்பும் பெரும்பாலும் பிரச்சினை செய்யாது, ஆனால் பல் கிளிப் போட்டிருந்தால் படம் சிதையலாம், எனவே கிளிப் போட்ட டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். படத்தைத் தெளிவாக்கப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி எல்லாருக்கும் வேண்டாம், முடக்குவாதம் போன்ற அழற்சியோ கட்டியோ சந்தேகம் இருந்தால் போடுவார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அப்போது சொல்லிவிட வேண்டும்.

அல்ட்ராசவுண்டில் மூட்டில் நீர் கோத்திருப்பதைப் பார்க்கலாம், ஊசி போட வழிகாட்டவும் உதவும், உள்பக்கம் சரியாகத் தெரியாது. முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டே போகிறது, மூட்டுத் தலை இன்னும் வளர்கிறதா என்று சந்தேகம் வந்தால் கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் எலும்பு ஸ்கேன் (போன் ஸ்கேன்). இவ்வளவு போதும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கூகுளில் தேடிப் பயப்படாதீர்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத ஆட்களை எம்ஆர்ஐயில் படுக்க வைத்துப் பார்த்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வட்டு விலகியிருந்தது. 'டிஸ்க் டிஸ்பிளேஸ்மென்ட் வித் ரிடக்‌ஷன்' என்றால் நழுவிய வட்டு வாய் திறக்கும்போது திரும்பி வருகிறது என்று பொருள், பெரும்பாலும் மென்மையான சாப்பாடு, ஒத்தடம், பயிற்சி, இரவில் பல்லில் மாட்டும் தகடு இதிலேயே ஓடிவிடும். வலிக்கிற பக்கமும் படத்தில் கோளாறு காட்டும் பக்கமும் ஒன்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். படத்தை மட்டும் காட்டி ஆபரேஷன் என்று யாராவது ஆரம்பித்தால் இன்னொருவரிடம் கருத்துக் கேட்காமல் தேதி வாங்காதீர்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் ஓரல் மெடிசின் பிரிவு இருக்கும், இந்த மூட்டை அன்றாடம் பார்ப்பவர்கள் அங்கே இருப்பார்கள்.

தாடை ஸ்கேனுக்கு வரிசையில் நிற்கவே கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. நடந்தால் தாடை வலிக்கிறது, கூடவே மார்பு இறுக்கமோ வியர்வையோ என்றால் அது இதயக் கோளாறாக இருக்கலாம், உடனே ஈசிஜி. 50 வயதைத் தாண்டியவருக்கு சாப்பாட்டை மெல்லும்போது தாடை சோர்ந்து வலித்து, புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி, பார்வை மங்கல் என்றால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தாமதித்தால் கண்ணே போகும்.

அப்புறம், ரிப்போர்ட் தாளோடு படங்கள் பதிந்த சிடி தட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த டாக்டர் படத்தைத் தன் கண்ணால் பார்க்க அதுதான் வேண்டும், இரண்டாவது முறை எடுக்கிற செலவும் மிச்சம்.