டெபியனில் சொந்தக் கர்னல்: சிக்கிய மூன்று இடங்கள்

லேப்டாப்பின் டச்பேடுக்காக ஒரு சின்ன பேட்ச் (நிரல் திருத்தம்) போட்டு, லினக்ஸின் மையநிரலான கர்னலை நாமே பில்ட் செய்ய வேண்டியிருந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் கான்ஃபிக் கோப்பை பூட் கோப்புறையிலிருந்து நகலெடுத்து ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ கொடுத்தேன். அந்த நேரத்தில் லோட் ஆகியிருக்கும் மாட்யூல்களை (டிரைவர் போன்ற கர்னல் துணுக்குகளை) மட்டுமே அது வைத்துக்கொள்ளும். பென்டிரைவ், யூஎஸ்பி ஹெட்செட், வெளி மானிட்டர் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிட்டு ஓட்டுங்கள். இல்லையென்றால் புதுக் கர்னலில் பென்டிரைவ்கூட மவுன்ட் ஆகாது.

அடுத்து, ‘பெம்’ கோப்பு இல்லை என்று பில்ட் பாதியில் நின்றது. டெபியனின் அந்தச் சான்றிதழ் கோப்பு நம் சோர்ஸில் கிடையாது. கான்ஃபிக்கில் ‘சிஸ்டம் ட்ரஸ்டட் கீஸ்’ மதிப்பைக் காலியாக்கினால் போதும். டீபக் தகவலையும் அணைத்துவிடுங்கள், டிஸ்க் இடமும் நேரமும் நிறைய மிச்சம். பிறகு ‘மேக் பின்டெப்-பிகேஜி’ கொடுத்தேன்; கிடைக்கும் டெப் (டெபியன் நிறுவல்) கோப்புகளில் கர்னல் இமேஜை நிறுவினேன்.

ரீபூட் செய்ததும், கர்னலை ஏற்றும் பூட்லோடரான கிரப் ‘பேட் ஷிம் சிக்னேச்சர்’ என்றது. நம்பகமான கையொப்பம் இல்லாத கர்னலைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைப்பது சுலபம், ஆனால் சரியான வழி அதுவல்ல. ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2048 பிட் சாவி உருவாக்கி, ‘மோக்யூடில்’ கருவி மூலம் அதை மோக் (கணினி உரிமையாளரின் சாவி) ஆக இறக்குமதி செய்து, ‘எஸ்பிசைன்’ கொண்டு விஎம்லினூஸ் (vmlinuz) கர்னல் கோப்பில் கையொப்பமிட்டேன். அடுத்த பூட்டில் நீலத்திரை சில நொடிகளே நிற்கும். உடனே ஏதாவது விசையை அழுத்தி ‘என்ரோல் மோக்’ தேர்ந்தெடுத்து, இறக்குமதியின்போது கொடுத்த கடவுச்சொல்லைத் தட்டுங்கள்.

பழைய கர்னலை மட்டும் அழிக்காதீர்கள்.