டிடிஎஸ் ஒரு நாள் தாமதமானால் இரண்டு மாத வட்டி ஏன்?

ஜூன் 28 அன்று ஒரு கன்சல்டன்ட்டின் பத்து லட்ச ரூபாய் பில்லைக் கணக்கில் ஏற்றி, 10 சதவீதம், அதாவது ஒரு லட்சம் டிடிஎஸ் (பணம் தருபவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்கிறீர்கள். ஜூலை 7-க்குள் கட்ட வேண்டும். அன்றைக்குப் பார்த்து பேங்க் சர்வர் படுத்துவிட, எட்டாம் தேதி கட்டுகிறீர்கள். ஒரு நாள்தானே தாமதம், மிஞ்சிப்போனால் ஒரு மாத வட்டி 1,500 என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வருமான வரித் துறையின் டிடிஎஸ் தளமான டிரேசஸிலிருந்து வரும் நோட்டீஸில் இருப்பது 3,000.

வருமான வரிச் சட்டத்தின் 201(1ஏ) பிரிவுப்படி, பிடித்த வரியைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால், பிடித்த தேதியிலிருந்தே மாதம் ஒன்றரை சதவீத வட்டி. மாதத்தில் ஒரு பகுதியும் முழு மாதம்தான். டிரேசஸ் காலண்டர் மாதமாக எண்ணுவதால் ஜூனின் கடைசி சில நாள் ஒரு மாதம், ஜூலையின் எட்டு நாள் இன்னொரு மாதம். (இங்கே சொல்லும் பிரிவு எண்கள் 1961 சட்டத்தினுடையவை; 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்கள் வேறு.)

"பணம் கொடுக்கும்போது பிடித்துக்கொள்ளலாம்" என்பது அடுத்த தவறு. சம்பளத்துக்கு அது சரி. ஒப்பந்த வேலை, தொழில்முறைக் கட்டணம் போன்றவற்றில் கணக்கில் வரவு வைப்பது, பணம் கொடுப்பது இரண்டில் எது முந்தியதோ அன்றே பிடிக்க வேண்டும். சஸ்பென்ஸில், அதாவது தற்காலிகக் கணக்கில், போட்டு வைத்தாலும் வரவு வரவுதான். பிடிக்காமல் விட்ட காலத்துக்கு மாதம் 1 சதவீதம். ஆடிட் சமயத்தில் உட்கார்ந்து மார்ச் 31 தேதியிட்டு என்ட்ரி போடுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். மார்ச் மாத வரிக்குக் கெடு ஏப்ரல் 30. மே 2-ல் கட்டினால் மார்ச், ஏப்ரல், மே என்று மூன்று மாதம், 4.5 சதவீதம்.

வட்டியைவிடப் பெரிய அடி 40(ஏ)(ஐஏ) பிரிவு. வருமான வரி ரிட்டர்ன் கெடுவுக்குள்ளும் டிடிஎஸ் போய்ச் சேராவிட்டால், அந்தச் செலவில் 30 சதவீதத்தை அந்த ஆண்டு கழிக்க முடியாது. நம் உதாரணத்தில் மூன்று லட்சம் லாபத்தோடு சேரும். பின்னால் கட்டும் ஆண்டில் கழிக்கலாம், ஆனால் அதுவரை வரிப் பணம் முடங்கும். வெளிநாட்டில் இருப்பவருக்குக் கொடுத்த தொகை என்றால் முழுச் செலவும் போச்சு.

கட்டிய வட்டியைச் செலவில் எழுதுவதும் வழக்கமாக நடக்கும் கூத்து. சென்னை பிராபர்ட்டீஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தொழில் செலவாக ஏற்கவில்லை.

டிடிஎஸ் ரிட்டர்ன் (பிடித்த வரிக்குக் காலாண்டுதோறும் தரும் கணக்கு) தாமதத்துக்கு 234இ பிரிவின்படி நாளுக்கு 200 ரூபாய் தனி. அது வரித் தொகையைத் தாண்டாது. 1961 சட்டத்தின் 276பி பிரிவில் மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறை என்று இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல், அந்தக் காலாண்டின் டிடிஎஸ் ரிட்டர்ன் கெடுவுக்குள் வரியைக் கட்டிவிட்டால் அந்தப் பிரிவு பாயாது. ஜூன் காலாண்டுக்கு அது ஜூலை 31.