வேறு கல்லூரிப் பிள்ளை "உங்க காலேஜுக்கு வரட்டுமா?" என்று கேட்டால்

ஊட்டி ஹெச்.ஏ.டி.பி. மைதானத்தில் காலைப் பயிற்சி முடிந்து ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வேறு கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, "சார், உங்க காலேஜுக்கு மாறிடலாமான்னு பார்க்கறேன்" என்கிறான். 5000 மீட்டரில் நன்றாக ஓடுகிறவன், உங்கள் அணிக்கு அப்படி ஒருவன்தான் குறை. உடனே "வாடா" என்று சொல்லத்தான் தோன்றும். சொல்லாதீர்கள். முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "உங்க பி.டி. சார்கிட்ட சொல்லிட்டியா?"

சொல்லவில்லை என்றால், அவரிடம் பேசிவிட்டு வா என்று அனுப்பிவிடுங்கள். மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. விஷயம் வேறு வழியாக அவர் காதுக்குப் போனால் அணியிலிருந்து நிறுத்துவது, டி.சி.யை இழுத்தடிப்பது என்று எல்லாம் அந்தப் பையன் தலையில்தான் விழும், நமக்கு ஒன்றும் ஆகாது.

அமெரிக்காவில் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ., 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற, கல்லூரி மாற நினைப்பவர்களின் பெயரை ஏற்றும் பதிவேட்டைத் தொடங்கியது. அதற்கு முன்பு, வேறு கல்லூரியோடு பேசுவதற்கே பழைய கல்லூரியின் அனுமதி வேண்டும். இப்போது, அந்தந்த விளையாட்டுக்கு ஒதுக்கிய நாட்களில் மாணவர் எழுதிக் கொடுத்தால் கல்லூரி இரண்டு வேலை நாட்களுக்குள் அவர் பெயரை ஏற்றியாக வேண்டும். ஆனால் பெயர் ஏறும்வரை வேறு கல்லூரிப் பயிற்சியாளர் அவரிடம் பேசக்கூடாது, வீட்டாரிடமும் பேசக்கூடாது, நண்பரையோ பழைய கோச்சையோ தூது அனுப்பவும் கூடாது. மீறினால் டாம்பரிங், அதாவது அடுத்த கல்லூரி வீரரை விதிமீறி இழுத்தது என்று நடவடிக்கை வரும். இன்னொன்றும் இருக்கிறது, பிள்ளைகள் பெரும்பாலும் கவனிக்காதது: போர்ட்டலில் பெயர் ஏறிவிட்டால், அந்த செமஸ்டர் முடிந்ததும் பழைய கல்லூரி உதவித்தொகையை நிறுத்திக்கொள்ளலாம்.

நமக்கு இங்கே போர்ட்டல் கிடையாது. அதனால் அந்த வேலையை நாம்தான் பார்க்க வேண்டும், பையன் தன் கல்லூரியில் வாய்திறந்து சொன்ன நாள்தான் பெயர் ஏறிய நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கோத்தகிரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி என்னிடம் நான்கு வருடம் ஓடினாள், அம்மா தேயிலை பறிக்கப் போகிறவர். மலைப் பிள்ளைகளுக்கு மூச்சு நன்றாகத் தாங்கும் என்று கீழே சமவெளியில் எல்லோருக்கும் ஒரு கண் உண்டு அல்லவா, அப்படி ஒரு கல்லூரியிலிருந்து அவளுடைய சீனியர் அக்கா மூலமாகத் தூது வந்தது. ஹாஸ்டல் இலவசம், ஷூ தருவோம், நேராக இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். எல்லாம் வாய்ப்பேச்சு. டி.சி. வாங்கிக்கொண்டு இறங்கிப் போன பிறகுதான் அந்தத் துறையில் இரண்டாம் வருடத்தில் காலி இடமே இல்லை என்று தெரிந்தது. பழைய கல்லூரியிலும் திரும்பச் சேர்க்கவில்லை. ஒரு வருடம் போயிற்று, அந்த சீசன் முழுக்க அவள் ஓடவே இல்லை. "சார், நீங்களாவது ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லியிருக்கலாமே" என்று அவள் அம்மா என்னிடம் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

ஆகவே டி.சி.யை வாங்கச் சொல்வதற்கு முன்னால் நீங்கள் ஆபீசுக்குப் போய்க் கேளுங்கள். அந்த வருடத்தில் அந்தப் பாடத்துக்குக் காலி இடம் உண்டா, இரண்டு முதல்வர்களும் சம்மதிக்கிறார்களா, பல்கலைக்கழகம் அனுமதிக்குமா. பாரதியார் பல்கலைக்கழகத்துக்குக் கீழேயே ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு என்றால் பாடத்திட்டச் சிக்கல் குறைவு. வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தால் பாடங்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அரியர் இருந்தால் இன்னும் சிக்கல். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் உடனே ஆட முடியுமா என்பதையும் அந்த வருடத்து விதியைப் பார்த்துச் சொல்லுங்கள், "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட வேண்டாம். சான்றிதழைக் கொடுக்க மறுக்கிறார்கள் என்று பிள்ளை வந்து நின்றால், மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக்கூடாது என்று யு.ஜி.சி. 2018-இல் அறிவித்திருப்பதைச் சொல்லி, பெற்றோரோடு போய் நிதானமாகக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் போய்ச் சண்டை போடாதீர்கள்.

ஏன் மாற நினைக்கிறான் என்பதையும் உட்கார்ந்து கேளுங்கள். கோச் திட்டினார் என்பது ஒரு வாரத்தில் ஆறிவிடும். மெஸ் பீஸ் கட்ட முடியவில்லை, காயத்தோடு ஓடச் சொன்னார்கள், கோச்சே பாதியில் போய்விட்டார் என்றால் அது வேறு. சில பேரிடம் "நீ இருக்கிற இடத்திலேயே இரு" என்று சொல்ல வேண்டிவரும், நல்ல ஓட்டக்காரன் கைவிட்டுப் போனாலும் சொல்லத்தான் வேண்டும்.

கொடுக்கப் போவதை முதல்வர் கையெழுத்தோடு தாளில் கொடுங்கள்: எந்தக் கட்டணம் தள்ளுபடி, எத்தனை வருடத்துக்கு, காயம்பட்டால் என்ன ஆகும். கையில் பணம் வேண்டவே வேண்டாம். அணியில் இடம் உறுதி என்றும் சொல்லாதீர்கள், ஏற்கெனவே அந்த இடத்துக்காக உறைபனியில் எழுந்து ஓடுகிற உங்கள் பிள்ளை ஒருவன் இருப்பான்.

நம் பக்கத்துப் பிள்ளை யாராவது அமெரிக்காவில் படித்துக்கொண்டு இதே கேள்வியை வாட்ஸ்அப்பில் கேட்டால், கோச்சைவிட முதலில் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு, வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி அந்நாட்டு அரசு வைத்திருக்கும் செவிஸ் பதிவையும் புதுக் கல்லூரிக்கு மாற்ற வேண்டும். 2021 முதல் அங்கே மாணவர்கள் தங்கள் பெயரைப் பயன்படுத்தி விளம்பரப் பணம் வாங்கலாம் என்றாலும், இந்த விசாவில் வேலை செய்யக் கட்டுப்பாடு இருப்பதால் கேட்காமல் கையெழுத்துப் போட்டால் படிப்பே போய்விடலாம்.

எல்லாம் முடிந்து பையன் வந்து சேர்ந்த அன்றே பழைய பி.டி. சாருக்கு நீங்களே போன் போட்டு, என்னென்ன பயிற்சி கொடுத்தார், எந்தக் காலில் வலி இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கீழிருந்து வந்தவன் என்றால் ஊட்டி 2240 மீட்டர், முதல் இரண்டு மூன்று வாரம் மெதுவாகவே ஓடட்டும்.