சின்ன மரைன் டேங்க்குக்கு ஒரு பாறைச் சுவர்: வீட்டிலேயே பேக்ரவுண்ட் செய்வது எப்படி?

மரைன் டேங்க், அதாவது கடல் மீனும் பவளமும் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி. அதற்குப் பின்னால் தெரியும் வயரையும் சுவரையும் மறைத்தால் போதும் என்றால், பின் கண்ணாடியின் வெளிப்பக்கம் கறுப்பு வினைல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். பத்து நிமிட வேலை, பார்க்கவும் நன்றாகவே இருக்கும். பாதிப் பேருக்கு அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம்.

மீதிப் பேருக்குத்தான் இந்தக் கட்டுரை. டேங்க்குக்குள்ளேயே, பாறை போன்ற ஒரு சுவர். அதில் பவளம் ஒட்டலாம், தண்ணீர்க் குழாயை ஒளிக்கலாம், தரையில் கல் அடுக்கி இடத்தை அடைக்காமல் மீனுக்கு நீந்த வழி விடலாம். செலவு அதிகமில்லை, பொறுமைதான் வேண்டும். வேலை செய்யும் நேரம் மொத்தம் ஐந்தாறு மணி, காத்திருக்கும் நேரம் ஒரு மாதம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. மீன் இருக்கும் டேங்க்கில் இதைச் செய்ய முடியாது. சிலிக்கான் ஒட்டக் கண்ணாடி காய்ந்திருக்க வேண்டும். புது டேங்க் வாங்கி, தண்ணீர் ஊற்றுவதற்கு முன் செய்யுங்கள்.

அளவு எடுப்பது

கணக்குக்கு வழக்கமான இரண்டடி டேங்க்கை எடுத்துக்கொள்கிறேன்: 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரம். விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 70 லிட்டர். கண்ணாடித் தடிமன் போக உள்நீளம் இருபத்து மூன்றரை அங்குலம் வரும். இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டு, சுவரின் நீளத்தை இருபத்திரண்டரை என்று வையுங்கள். பக்கக் கண்ணாடியைக் காந்தம் வைத்துத் துடைக்கும்போது மூலையில் இடிக்காமல் இருக்க அந்த இடைவெளி உதவும். உயரம் 13 அங்குலம், அதாவது நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே.

தடிமனில்தான் ஆசை வரும். குகை, மேடு, பால்கனி என்று மனம் அலையும். 12 அங்குல அகலத்தில் 4 அங்குலத்தைச் சுவருக்குக் கொடுத்தால் மீனுக்கு என்ன மிஞ்சும்? சராசரி ஒன்றரை அங்குலம், ஓரிரு இடத்தில் மட்டும் 3 அங்குலம். அதற்கு மேல் வேண்டாம். இந்த அளவிலேயே சுவர் 7 லிட்டர் தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மருந்தோ கால்சியமோ அளந்து ஊற்றும்போது அதைக் கழித்துக் கணக்கிட வேண்டும்.

இன்னொன்று, டேங்க்கின் மேல் விளிம்பில் குறுக்குக் கண்ணாடிப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. செய்து முடித்த சுவர் உள்ளே போகவில்லை. ஹாக்சா பிளேடால் நடுவே அறுத்து இரண்டாக இறக்கினேன், நேர்க்கோட்டு வெட்டு கடைசிவரை கண்ணை உறுத்தியது. பட்டை இருந்தால் ஆரம்பத்திலேயே இரண்டு துண்டாக, வளைந்து நெளிந்த இணைப்போடு செய்துவிடுங்கள்.

என்ன வேண்டும்

சட்டத்துக்கு எக் கிரேட் எனப்படும் பிளாஸ்டிக் கட்டத் தட்டு. ஃபால்ஸ் சீலிங்கில் விளக்குக்குக் கீழே சதுரம் சதுரமாகத் தெரியுமே, அதுதான். ஏசி வேலை செய்யும் கடைகளில் இதே பெயரில் அலுமினியத் தட்டும் கொடுப்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள். உப்புத் தண்ணீருக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. ஆணி, கட்டுக்கம்பி, ஸ்க்ரூ எதுவுமே வேண்டாம். செம்பு மிகக் குறைந்த அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

பாறைக்கு, கதவு நிலைச் சந்துகளை அடைக்கும் பியு ஃபோம் ஸ்ப்ரே, 750 மில்லி டப்பா ஒன்று. தீத்தடுப்பு ரகம் வேண்டாம், சாதாரண ரகம் போதும். மேல்பூச்சுக்கு இரண்டு பாகமாக வரும் எபாக்சி ரெசினும், அதற்கென்று விற்கும் கறுப்பு நிறமிப் பசையும். மேலே தூவ இரண்டு கிலோ அரகோனைட் மணல், அதாவது மரைன் டேங்க்குக்கு விற்கும் சுண்ணாம்பு வகை மணல். ஒட்டுவதற்கு அக்வேரியம் சிலிக்கான். குளியலறைக்கு விற்கும் சிலிக்கானில் பூஞ்சை தடுப்பு மருந்து கலந்திருக்கும், அதைத் தொடாதீர்கள். இவை தவிர பிளாஸ்டிக் கேபிள் டை, அரை அங்குல பி.வி.சி. குழாய், கட்டர் கத்தி, கையுறை, பாலிதீன் விரிப்பு.

சென்னைக்காரர்கள் மணலையும் சிலிக்கானையும் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாங்கிவிடலாம். கடற்கரையிலேயே மணல் கிடக்கிறதே என்று கேட்பவர்கள், ஒரு காந்தத்தைப் பாலிதீனில் சுற்றி அந்த மணலில் இழுத்துப் பாருங்கள். கறுப்புத் துகள்கள் மொய்க்கும். நம் கடற்கரை மணலில், குறிப்பாகத் தென் மாவட்டங்களில், இல்மனைட், கார்னெட் போன்ற தாதுக்கள் உண்டு. அது பவள டேங்க்குக்கு ஆகாது.

ராமேசுவரம், தூத்துக்குடி பக்கம் போனபோது பொறுக்கி வந்த பவளக்கல் வீட்டில் இருக்கிறது, அதைப் பதிக்கலாமா என்றும் கேட்பார்கள். கூடாது. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த பவளத்தின் எலும்புக்கூடும் சட்டத்துக்கு ஒன்றுதான். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக மன்னார் வளைகுடாப் பவளத்தை வெட்டி எடுத்த இடம் அது. 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் அது மீண்டு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. ஃபோமே நமக்குப் போதும்.

நன்னீர் டேங்க் வைப்பவர்கள் தெர்மோகோல் மேல் சிமெண்ட் பூசிச் சுவர் செய்வார்கள். அது மலிவு. ஆனால் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் பி.எச்.சை ஏற்றிக்கொண்டே இருக்கும், வாரக்கணக்கில் ஊற வைக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

சட்டமும் குழாயும்

எக் கிரேட்டை அளவுக்கு வெட்டி, காலி டேங்க்குக்குள் ஒருமுறை இறக்கிப் பார்த்து எடுங்கள். பம்பிலிருந்து மேலே வரும் குழாயை இதில் ஒளிக்கப் போகிறீர்கள் என்றால், அந்த அளவு பி.வி.சி. குழாயைப் பாலிதீனால் சுற்றிச் சட்டத்தில் கேபிள் டையால் கட்டுங்கள். பாலிதீனில் ஃபோம் ஒட்டாது, நாளைக்குக் குழாயை உருவி எடுக்கலாம். பம்பையே ஃபோமுக்குள் புதைக்காதீர்கள். பம்ப் என்றைக்காவது நிற்கும், அன்றைக்குச் சுவரை உடைக்க வேண்டிவரும்.

பவளம் வைக்க நினைக்கும் இடங்களில் அரை அங்குலக் குழாயை ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, மேல்நோக்கிச் சாய்வாகக் கட்டுங்கள். கடையில் பவளத்தை ஒட்டித் தரும் சின்னப் பீங்கான் பிளக்கின் காம்பு அதில் உட்காரும். ஐந்தாறு துண்டு போதும். நுரை உள்ளே போகாமலிருக்க வாயை டேப்பால் மூடிவிடுங்கள்.

நுரை அடிப்பது

மொட்டை மாடியில், காலை நேரத்தில் செய்யுங்கள். டப்பாவை வெயிலில் வைக்காதீர்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது, உள்ளே எரியும் வாயு இருக்கிறது. கையுறை இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். தோலில் ஒட்டிய ஃபோம் இரண்டு மூன்று நாளைக்குப் போகாது.

சட்டத்தைப் பாலிதீன் மேல் படுக்க வைத்து, லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். இந்த ஃபோம் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். அப்புறம் டப்பாவை நன்றாகக் குலுக்கித் தலைகீழாகப் பிடித்து, கயிறு கயிறாக அடியுங்கள். அடித்தது கண் முன்னாலேயே இரண்டு மூன்று மடங்கு உப்பும். அதனால் முதல் சுற்றில் கஞ்சத்தனமாக அடித்து, அரை மணி காத்திருந்து, தண்ணீர் தெளித்து, மேடு வேண்டிய இடத்தில் இரண்டாவது சுற்று அடியுங்கள். ஒரேயடியாகக் குவித்தால் வெளியே இறுகி உள்ளே பிசுபிசுவென்று கிடக்கும்.

ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். இந்தக் கட்டத்தில் அது பாறை போல இருக்காது, இட்லி மாவு பொங்கி வழிந்த மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம்.

செதுக்குவது

எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். வழவழப்பான மேல்தோல் முழுவதையும் கட்டரால் சீவி எடுங்கள். அந்தத் தோல் இருக்கும்வரை என்ன பூசினாலும் ஃபோம் ஃபோமாகவே தெரியும். சீவிய பிறகு விரலால் கிள்ளிக் கிள்ளிப் பிய்த்தால் கத்தி வெட்டை விட இயற்கையாக வரும். கிடைமட்டமாக நாலைந்து நீண்ட பள்ளம் போடுங்கள், மேடுகளுக்கு அடியில் குடையுங்கள். மேலிருந்து விளக்கு விழும்போது அங்கே நிழல் விழும், ஓர் அங்குலப் பள்ளம் மூன்று அங்குலமாகத் தெரியும். மேடு தன் அடியில் இருப்பதற்கு வெளிச்சத்தை மறைக்கும் என்பதையும் பாருங்கள். வெளிச்சம் அதிகம் கேட்கும் பவளத்துக்கு மேல்பாதி, காளான் பவளத்துக்குக் கீழ்பாதி.

பிறகு திருப்பிப் போட்டு, பின்பக்கம் சுற்றிலும் இரண்டு வரிசைக் கட்டங்களிலும் நடுவே ஏழெட்டு இடங்களிலும் ஸ்க்ரூ டிரைவரால் ஃபோமை நோண்டி எடுங்கள். ஏன் என்று ஒட்டும்போது புரியும்.

ரெசினும் மணலும்

முதல் முறை நான் மூன்று மாலை உட்கார்ந்து சாம்பல், பழுப்பு, ஊதா என்று வண்ணம் தீட்டினேன். ஆறு மாதத்தில் அதில் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை, எல்லாவற்றையும் பாசி மூடிவிட்டது. அதனால் வண்ண வேலையை விட்டுவிட்டேன். மணல் ஒட்டாத சந்துகளில் ஃபோமின் மஞ்சள் பல்லிளிக்கக் கூடாது, அதற்காக ரெசினில் கறுப்பைக் கலந்துவிடுகிறேன். அவ்வளவுதான்.

ரெசினின் இரண்டு பாகங்களையும் டப்பாவில் சொன்ன விகிதப்படி தராசில் நிறுத்துக் கலக்குங்கள். கண் அளவு உதவாது, விகிதம் தவறினால் கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருக்கும். நம் ஊர்ச் சூட்டில் ரெசின் சீக்கிரம் இறுகும், ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். பிரஷ்ஷால் ஒரு பகுதியில் பூசி, உடனே காய்ந்த மணலைத் தாராளமாகத் தூவி உள்ளங்கையால் அழுத்துங்கள், பிறகு அடுத்த பகுதி. மறுநாள் தட்டி உதிர்த்து, வெறுமையாகத் தெரியும் இடங்களில் இன்னொரு கை. பின்பக்கமும் மெல்லிசாக ஒரு பூச்சு, நோண்டிய கட்டங்களை அடைக்காமல். ஒரு வாரம் காயட்டும்.

ஊற வைப்பது

பெரிய பிளாஸ்டிக் டப்பில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிச் சுவரை அமுக்கி வையுங்கள். அமுக்கினால்தான் தெரியும், அது மேலே வரத் துடிப்பது. தண்ணீர் பாட்டிலை டப்புக்குள் போட்டு அழுத்த முடியாது, தண்ணீருக்குள் தண்ணீருக்கு ஏது எடை? டப்பின் குறுக்கே பலகை போட்டு, அதன் மேல் 20 லிட்டர் கேனை வையுங்கள்.

இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, இரண்டு வாரம். ஒவ்வொரு முறையும், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள். அரகோனைட் கொஞ்சம் கரையும் என்பதால் எண் சற்று ஏறத்தான் செய்யும். மாற்ற மாற்ற அந்த ஏற்றம் குறைந்துகொண்டே வந்தால் சரி. தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலமோ ரசாயன வாடையோ இருந்தால் இன்னும் ஒரு வாரம். பிறகு நிழலில் முழுதாகக் காய வையுங்கள்.

ஒட்டுவது

இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன். சுவர் 7 லிட்டர் இடத்தை அடைக்கிறது என்று சொன்னேன் அல்லவா, உப்புத் தண்ணீர் அதை ஏழு கிலோவுக்கு மேல் விசையோடு மேலே தள்ளும். ஃபோம், ரெசின், மணல் எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ எடை என்றால்கூட, ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கும் விசை மிச்சம் இருக்கிறது, இரவும் பகலும். என் இரண்டாவது சுவரை ஓரங்களில் மட்டும் சிலிக்கான் பொட்டு வைத்து ஒட்டியிருந்தேன். நிரப்பிய மூன்றாம் நாள் விடிகாலையில் தொப்பென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் சுவர் மிதக்கிறது, முன்னால் அடுக்கியிருந்த கல் சரிந்து முன் கண்ணாடியில் சாய்ந்து கிடக்கிறது. கண்ணாடி உடையாதது என் அதிர்ஷ்டம்.

சிலிக்கான் கண்ணாடியைப் பிடிப்பதுபோல் பிளாஸ்டிக்கைப் பிடிக்காது. அதற்காகத்தான் கட்டங்களை நோண்டியது. டேங்க்கைப் பின் கண்ணாடி தரையில் படும்படி, ஒரு போர்வை மேல் படுக்க வையுங்கள். நோண்டிய கட்டங்கள் நிரம்பி வழியும்படி சிலிக்கான் பிதுக்கி, சுவரை இறக்கி அழுத்துங்கள். உள்ளே போய் இறுகிய சிலிக்கான் ஆப்பு அடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும். பிறகு சுற்றிலும் விளிம்பு முழுவதும் ஒரு கோடு. எங்கும் சந்து இருக்கக் கூடாது. சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் கழிவு சேர்ந்து அழுகும், சின்ன மீன் புகுந்தால் திரும்பி வராது.

கடைசியாக, கண்ணாடிக் கடையில் இரண்டு அங்குல நீளத்தில் இரண்டு துண்டு வாங்கி, சுவரின் மேல் விளிம்பை ஒட்டினாற்போல் பின் கண்ணாடியில் தாழ்ப்பாள் மாதிரி ஒட்டிவிடுங்கள். கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் சிலிக்கான் பிடி விடாது. ஒரு வாரம் கழித்து, வினிகர் வாடை அறவே போன பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். பவர்ஹெட்டும் (நீரோட்டம் தரும் சின்ன பம்ப்) ஹீட்டரும் இனிப் பின் சுவரில் ஒட்டாது, பக்கக் கண்ணாடிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஊற்றிய பிறகு

டேங்க் சைக்கிள் ஆகும், அதாவது மீன் கழிவை உடைக்கும் பாக்டீரியா வளர்ந்து சேரும் நான்கு முதல் ஆறு வாரத்தில் சுவர் அசிங்கமாகத்தான் இருக்கும். முதலில் பழுப்புத் தூள் படியும், பிறகு பச்சை முடிப்பாசி. தேய்த்துக் கழுவ வேண்டாம், நத்தைகளிடம் விட்டுவிடுங்கள். கோரலைன் எனப்படும் இளஞ்சிவப்புப் பாசி ஏறிய ஒரு சின்ன லைவ் ராக்கை (நுண்ணுயிர்கள் குடியேறிய பாறைத் துண்டு) உள்ளே வைத்தால் அதிலிருந்து சுவருக்குப் பரவும். அதற்குத் தேவை நிலையான கால்சியம், லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம். கூடவே காரத்தன்மையும் மெக்னீசியமும் ஆடாமல் இருக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் அங்கங்கே ஊதாப் பொட்டுகள் தெரிய ஆரம்பிக்கும்.

முதல் பவளமாகப் பச்சை நட்சத்திரப் பாலிப்பை வைக்கலாம். கம்பளம் மாதிரி சுவர் முழுக்கப் படரும், ஆனால் பக்கத்தில் உள்ளதையும் மூடிவிடும். தரைப் பாறையில் அது தொல்லை, தனியாக நிற்கும் பின்சுவரில் அதுவே வசதி. கடல் முள்ளெலியை மட்டும் இந்த டேங்க்கில் விடாதீர்கள். கோரலைனைச் சுரண்டித் தின்னும், சுரண்டும்போது மணல், ரெசின், ஃபோம் என்று பார்க்காது.